ஏரிக்கரை வீடு: கோடை முடிவில் தூண்டிலும் வீட்டு வேலையும் – வாசகர் கேள்வி பதில்

ஓகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து தொழிலாளர் தின விடுமுறை வரையான நாட்களில்தான் கொட்டேஜ் பற்றிய கடிதங்கள் கூடுதலாக வருகின்றன. ஒன்ராறியோவின் கவார்த்தா, ஹலிபேர்ட்டன், மஸ்கோகா பக்கம் சொந்தமாக வீடு வைத்திருப்பவர்களும் ஒரு கிழமைக்கு வாடகைக்கு எடுப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். கேள்விகள் பலவிதம் என்றாலும், பெரும்பாலானவற்றின் விடை இந்த மாதத்து ஏரித் தண்ணீரில் இருக்கிறது. அது சூடாகியிருக்கும், மட்டம் இறங்கியிருக்கும், செடி அடர்ந்திருக்கும். மீன் இடம் மாறுவதும் பம்ப் இழுக்காமல் நிற்பதும் இதனால்தான்.

யூன் கடைசியில் எங்கள் டொக்கில் (படகு கட்டும் மேடையில்) நின்று பிள்ளைகள் தூண்டில் போட்டவுடனேயே பாஸ் மீன் பிடித்தார்கள். இப்போது பகல் முழுக்க நின்றாலும் விரல் நீளச் சன்ஃபிஷ்தான் வருகிறது. எங்கள் ஏரி பிஜன் லேக். மீன் எங்கே போனது?
– ஸ்காபரோ வாசகர்

எங்கும் போகவில்லை. உங்கள் பகுதியில் பாஸ் பருவம் யூன் மூன்றாவது சனிக்கிழமை தொடங்குகிறது. அந்த நாட்களில் ஆண் பாஸ் பல இன்னமும் கரையோரம் கூட்டையும் குஞ்சுகளையும் காத்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் எது வந்தாலும் பாய்ந்து கவ்வும். ஓகஸ்டில் காவல் முடிந்துவிட்டது. மேல்தண்ணீர் 22 முதல் 25 பாகை வரை சூடாக இருக்கும். வசந்தத்தில் பொரித்த சிறுமீன்கள் எங்கும் நிறைந்திருப்பதால் பாஸுக்கு இரை தேடி அலைய வேண்டியதும் இல்லை. வெயில் ஏறியதும் நிழலுக்குள் போய்விடும்.

முதலில் நேரத்தை மாற்றுங்கள். ஓகஸ்ட் கடைசியில் சூரியன் ஏறக்குறைய காலை ஆறரைக்கு எழுந்து மாலை எட்டு மணியளவில் மறைகிறது. விடிவதற்கு அரை மணி முன்னிருந்து எட்டரை வரையும், மாலை ஆறரையிலிருந்து இருட்டும் வரையும் நில்லுங்கள். பத்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டு ஆறுதலாகத் தூண்டிலை எடுப்பவருக்கு இந்த மாதம் சன்ஃபிஷ்தான்.

அடுத்தது இடம். கவார்த்தா ஏரிகளில் பல ஆழம் குறைந்தவை, செடி நிறைந்தவை. லார்ஜ்மவுத் பாஸ் மூன்று இடங்களில் இருக்கும்: டொக்கின் அடிநிழல், அல்லி இலைக் கூட்டத்தின் கீழ், செடிப்படுகை முடிந்து ஆழம் தொடங்கும் விளிம்பு. அந்த விளிம்பு பெரும்பாலும் இரண்டரை முதல் நான்கு மீற்றர் ஆழத்தில் வரும். ஸ்மோல்மவுத் பாஸ் பாறையும் சரளைக்கல்லும் உள்ள முனைகளில் நிற்கும்.

டொக் நிழலுக்கு நாங்கள் சிபாரிசு செய்வது ஈயக்குண்டு எதுவும் கட்டாத மென்பிளாஸ்திக் புழு. ஐந்து அங்குல நேரான புழு, 1/0 அளவு முள். முள்ளைப் புழுவின் நடுவில் குறுக்காகக் குத்துங்கள், இரு முனையும் தொங்க வேண்டும். நடுவில் சிறு ரப்பர் வளையம் போட்டு அதற்குள் முள்ளைச் செருகினால் ஒரு புழு பல மீனுக்குத் தாங்கும். டொக்கின் ஓரத்தை ஒட்டி எறிந்துவிட்டு ரீலைத் தொடாமல் இருங்கள். புழு இரு முனையும் நடுங்கியபடி மெதுவாகக் கீழே போகும். அந்த இறக்கத்தில்தான் பாஸ் எடுக்கும். கையில் இழுப்பே தெரியாது. தங்கூசி (தூண்டில் நூல்) பக்கவாட்டில் நகர்வதையோ, அடி தொடுமுன் தளர்ந்து நிற்பதையோ கண்ணால் பார்த்துத்தான் கொக்கியை இறுக்க வேண்டும். பலர் எறிந்த உடனேயே சுற்றத் தொடங்குகிறார்கள், இறங்க நேரமே கொடுப்பதில்லை. பத்து வரை எண்ணுங்கள், தடியை மெல்ல ஒரு அடி உயர்த்துங்கள், திரும்பவும் இறங்க விடுங்கள்.

செடிக்குள் இதே புழுவைப் போட்டால் சிக்கும். அங்கே 3/0 வளைமுள், அதற்கு முன்னால் கால் அவுன்ஸ் கூம்பு ஈயம். முள்ளின் நுனி புழுவின் உடலுக்குள் புதைந்திருக்க வேண்டும். அல்லி இலைகளுக்கு மேல் வெற்றுடலான பிளாஸ்திக் தவளை நல்லது, ஆனால் நூல் 40 இறாத்தல் பின்னல் நூலாவது வேண்டும். மீன் பாய்ந்து தண்ணீர் வெடித்தவுடன் தடியை வெட்டி இழுத்தால் தவளை வெறுமையாகப் பறந்து வரும். பாரம் கையில் தெரிந்த பின்புதான் இழுக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு சன்ஃபிஷே போதும். அதையும் ஒழுங்காகப் பிடிக்கலாம்: 8ஆம் இலக்கச் சிறு முள், முழுப் புழு அல்ல, கால்வாசித் துண்டு மட்டும். முள்ளுக்கு ஒரு சாண் மேலே ஒரு சிறு ஈயமணி, ஒரு மீற்றர் மேலே மிதப்பு. முழுப் புழுவைத் தொங்கவிட்டால் சின்ன வாய் மீன் வாலைக் கடித்துக் கடித்தே முடித்துவிடும், முள் வாய்க்குள் போகாது.

எனக்கு 41 வயது. ஊரிலிருந்து சுற்றுலா விசாவில் வந்திருக்கும் அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 63. பிள்ளைகள் 15, 9. யார் யாருக்கு மீன்பிடி லைசென்ஸ் தேவை?
– ஏஜக்ஸ் வாசகி

ஒன்ராறியோவில் 18 முதல் 64 வயது வரையான கனடா வாசிகளுக்கு லைசென்ஸ் கட்டாயம். உங்களுக்கு வேண்டும். ஒருநாள் லைசென்ஸ் தவிர்ந்த மற்றவற்றுக்கு அவுட்டோர்ஸ் கார்ட்டும் (மாகாணத்தின் மீன்பிடி, வேட்டை அடையாள அட்டை) சேர்த்து எடுக்க வேண்டும். அந்தக் கார்ட் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். பிள்ளைகள் இருவருக்கும் தேவையில்லை. 65 கடந்தவர்களுக்கான விலக்கு கனடா வாசிகளுக்கு மட்டும். சுற்றுலா விசாவில் வந்த அப்பா தடியைப் பிடிப்பதானால் வெளிநாட்டவருக்கான லைசென்ஸ் அவருக்கும் வேண்டும், அம்மாவுக்கும் வேண்டும். “அவர் வயதானவர்தானே” என்ற பதிலை அதிகாரி ஏற்கமாட்டார்.

லைசென்ஸில் இரண்டு வகை. முழு லைசென்ஸில் (sport) கூடுதல் மீன் வைத்திருக்கலாம், பாதுகாப்பு லைசென்ஸ் (conservation) மலிவு, வைத்திருக்கக்கூடிய மீன் எண்ணிக்கை குறைவு. கவார்த்தா ஏரிகள் மீன்பிடி மண்டலம் 17க்குள் வருகின்றன. அங்கே பாஸ் முழு லைசென்ஸில் ஆறு, பாதுகாப்பு லைசென்ஸில் இரண்டு. வொல்ஐ மீன் 35 முதல் 50 சென்ரிமீற்றருக்குள் இருந்தால் மட்டுமே வைத்திருக்கலாம். சிறிதோ பெரிதோ உடனே விடவேண்டும். ஹலிபேர்ட்டனில் மண்டலம் வேறு, விதியும் வேறு. மாகாணத்தின் அந்த ஆண்டுச் சுருக்கக் கையேட்டைக் கைபேசியில் இறக்கிக்கொண்டு போங்கள், பல ஏரிகளில் சிக்னல் கிடைக்காது. தூண்டில் தடியோடு அளவுநாடா ஒன்றும் இருக்கட்டும்.

ஒருவருக்கு ஒரு தூண்டில்தான். இரண்டு தடியைப் போட்டுவிட்டு “மற்றது மனைவியுடையது” என்று சொல்வதானால், மனைவி அங்கே நிற்கவும் வேண்டும், அவரிடம் லைசென்ஸ் இருக்கவும் வேண்டும்.

பிடித்த மீனை அங்கேயே கழுவி, குழம்புக்குத் துண்டு போட்டு, உப்பு மஞ்சள் பிரட்டி, ஐஸ் பெட்டியில் வீட்டுக்குக் கொண்டுவருவது எங்கள் வழக்கம். அது சட்டப்படி பிழை என்று ஒருவர் சொன்னார். உண்மையா? இன்னொன்று, சில மீன்களின் தசையில் மிளகு தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் இருந்தன, பயந்து எறிந்துவிட்டோம்.
– மார்க்கம் வாசகர்

பிழைதான். எங்கள் ஆட்கள் தெரியாமலே மாட்டிக்கொள்ளும் இடம் இது. கொண்டுபோகும் மீன் எந்த இனம், எத்தனை என்று அதிகாரி பார்த்தவுடன் அறியக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோ விதி. குழம்புத் துண்டுகளைப் பார்த்து எத்தனை மீன் என்று யாராலும் சொல்ல முடியாது. நீள வரம்பு உள்ள மீனென்றால் நீளத்தையும் அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கொட்டேஜிலேயே சமைத்துச் சாப்பிடுவதற்கு விருப்பம்போல் வெட்டலாம், வண்டியில் ஏற்றுவதற்குத்தான் இந்தக் கட்டுப்பாடு.

ஆகவே வொல்ஐ என்றால் குடலையும் பூவையும் (செவுளையும்) எடுத்துவிட்டு, தலையும் வாலும் இருக்க முழுதாகக் கொண்டுவாருங்கள். துண்டு போடுவது வீட்டுக் குசினியில். பாஸ், பேர்ச், சன்ஃபிஷ் ஆகியவற்றைச் சதையாக எடுத்துக் கொண்டுவரலாம், ஆனால் ஒவ்வொரு சதையிலும் ஒரு பெரிய பகுதித் தோலை விட்டுவைக்க வேண்டும். இரண்டு பக்கச் சதை ஒரு மீனாக எண்ணப்படும். எல்லாவற்றையும் ஒரே பையில் அடைத்து ஒரே கட்டியாக உறையவைக்காதீர்கள், எண்ண முடியாது. ஒரு பைக்கு ஒரு மீனின் இரண்டு சதை, தட்டையாக.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. வைத்திருக்கும் எண்ணிக்கை என்பது அன்று பிடித்ததை மட்டும் குறிப்பதல்ல. வீட்டு ஃபிரீசரில் போன கிழமையிலிருந்து கிடக்கும் மீனும் அதற்குள் அடங்கும். ஆறு பாஸ் உள்ளே கிடந்தால், அவற்றைச் சாப்பிட்டு முடிக்கும்வரை இன்னொன்று வைத்திருக்க இடமில்லை.

வெட்டும் முறை: மீன் பிடிபட்டவுடன் பூவை வெட்டி இரத்தம் வடியவிட்டு ஐஸில் போடுங்கள். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். ஓகஸ்ட் தண்ணீரில் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டால் மீன் மெல்ல மெல்லச் செத்து, சதை குழைந்து போகும். பக்கச் செட்டைக்குப் பின்னால் கத்தியை வைத்து முள்ளந்தண்டு தட்டும்வரை இறக்குங்கள். கத்தியைப் படுக்கவைத்து, முள்ளந்தண்டை உரசியபடியே வால்வரை ஓட்டுங்கள். விலா எலும்பை மெல்லியதாகச் சீவி எடுங்கள். தோல்பக்கச் சதையின் நடுவில் ஓடும் சிவந்த பட்டையைச் சமைப்பதற்கு முன் நீக்கிவிடுங்கள், சேற்று வாடையும் வெடுக்கும் அங்கே கூடுதலாக இருக்கும். மிச்ச வாடைக்குப் பழப்புளியோ தேசிக்காயோ பலன் தரும். சேற்று வாடையைத் தரும் பொருளைப் புளிப்பு சிதைக்கிறது. மஞ்சளும் உப்பும் மட்டும் போட்டு வைத்தால் அந்த வாடை முழுதாகப் போகாது. ஏரி மீனுக்குப் புளிக்குழம்பு பொருந்துவது இதனால்தான்.

குடலையும் எலும்பையும் ஏரிக்குள் எறிய வேண்டாம், வெளியே வாளியில் வைக்கவும் வேண்டாம். ஹலிபேர்ட்டன், மஸ்கோகா பக்கம் கரடி வரும், மற்ற இடங்களில் ரக்கூன் வரும். பையில் கட்டி ஃபிரீசரில் வைத்து, குப்பை கொட்டும் நாளன்று எடுத்துச் செல்லுங்கள்.

கறுப்புப் புள்ளி ஒருவகை ஒட்டுண்ணியின் குடம்பி. மீன் தின்னும் பறவை, நத்தை, மீன் என்று சுற்றும் உயிர். மீனின் உடல் அதைச் சுற்றிக் கறுப்பு உறை கட்டுகிறது. நன்றாகச் சமைத்தால் மனிதருக்குத் தீங்கில்லை. சதைக்குள் மஞ்சள் நிறத்தில் சிறு புழு போல இருப்பதும் அப்படியே. எறிய வேண்டியதில்லை, ஆனால் அரைவேக்காடோ பச்சையாகவோ நன்னீர் மீனைச் சாப்பிடாதீர்கள். பைக், வொல்ஐ, பேர்ச் ஆகியவற்றில் நாடாப்புழுவும் இருக்கக்கூடும்.

கவலைப்பட வேண்டியது பாதரசம் பற்றி. அது கண்ணுக்குத் தெரியாது, சமைத்தாலும் போகாது. இரை தின்னும் பெரிய மீனில் கூடுதல், சன்ஃபிஷ், பேர்ச் போன்ற சின்ன மீனில் குறைவு. எந்த ஏரியில் எந்த மீனை, எந்த நீளத்தில், மாதம் எத்தனை தடவை சாப்பிடலாம் என்று மாகாண அரசின் மீன் உண்ணும் வழிகாட்டி ஏரிவாரியாகச் சொல்கிறது. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கும் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் தனி வரிசை இருக்கிறது. பெரிய மீனைத் தலையோடு கர்ப்பிணிக்கு வைத்துக் கொடுப்பது எங்கள் வீடுகளில் அன்பின் அடையாளம். பெரிய பைக், பெரிய வொல்ஐ விடயத்தில் அதைத் தயவுசெய்து தவிருங்கள்.

கரையோரத் தண்ணீர் இரண்டு நாளாகப் பச்சையாக இருக்கிறது. பிள்ளைகள் குளிக்கலாமா? கொதிக்கவைத்துக் குடிக்கலாமா?
– பிரம்ரன் வாசகி

எல்லாப் பச்சையும் நஞ்சல்ல. ஒரு நீளத் தடியைத் தண்ணீருக்குள் விட்டுத் தூக்குங்கள். நூல் நூலாக, தலைமயிர் போலத் தொங்கினால் சாதாரணப் பாசி. தடியில் ஒன்றும் தொங்காமல் பச்சைப் பூச்சு மட்டும் ஒட்டினால், அல்லது தண்ணீர் முகப்பில் நீலப்பச்சைப் படலம் மிதந்தால், நீலப்பச்சைப் பாசி என்று எடுத்துக்கொள்ளுங்கள். கையால் அள்ளிப் பார்க்க வேண்டாம். சூடான, காற்றில்லாத ஓகஸ்ட், செப்டெம்பர் நாட்களில்தான் இது பெருகும்.

அப்படியென்றால் குளிக்கவும் குடிக்கவும் கூடாது, நாயை இறங்கவிடவே கூடாது. நாய் நனைந்த மயிரை நக்கும், அதுவே அதற்கு ஆபத்து. கொதிக்கவைப்பது நிலைமையை மோசமாக்கும்: பாசிக் கலங்கள் வெடித்து நஞ்சு தண்ணீருக்குள் இறங்கும். கிருமி கொல்லும் யூவி (புறஊதா) விளக்கும் சாதாரண வடிகட்டியும் நஞ்சை நீக்காது. குடிக்க, பல் துலக்க, அரிசி கழுவக் கடைத் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். அந்த இடத்தில் பிடித்த மீனின் ஈரலையும் குடலையும் கட்டாயம் எறிந்துவிடுங்கள். மாகாணச் சுற்றாடல் அமைச்சுக்கு அறிவித்தால் மாதிரி எடுத்துச் சோதிக்க ஏற்பாடு செய்வார்கள். பச்சை மறைந்த மறுநாளே இறங்க வேண்டாம், செத்த கலங்களிலிருந்து வந்த நஞ்சு இன்னும் சில நாள் தங்கும்.

ஏரியிலிருந்து தண்ணீர் இழுக்கும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறது. குழாயில் காற்றும் தண்ணீரும் விட்டுவிட்டு வருகிறது. யூலையில் நன்றாக வேலை செய்தது.
– மிசிசாகா வாசகர்

முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்பின் சீல் எரிந்துவிடும். அதன்பின் இந்த வரிசையில் பாருங்கள்.

ஏரிக்குள் கிடக்கும் குழாயின் முனைதான் முதல் சந்தேகம். அங்கே ஒரு வடிதட்டும் தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் வால்வும் இருக்கும். மட்டம் இறங்கியதால் முனை முகப்புக்கு அருகில் வந்து காற்றை இழுக்கலாம், அல்லது செடியும் வரிச்சிப்பியும் (zebra mussel) அடைத்திருக்கலாம். தூக்கிச் சுத்தம் செய்து, அடிச்சேற்றிலிருந்து ஒன்றிரண்டு அடி உயரத்திலும் முகப்புக்குக் கீழே போதிய ஆழத்திலும் நிற்கும்படி கட்டையோ கல்லோ வைத்துக் கட்டுங்கள். வால்வின் ரப்பர் வெடித்திருந்தால் புதிதாகப் போடுங்கள். பழுதான வால்வின் அடையாளம்: பம்பை நிறுத்தியதும் குழாய்த் தண்ணீர் ஏரிக்கே திரும்பிவிடும், காலையில் பம்ப் வறண்டிருக்கும்.

முனை சரியென்றால், பம்புக்கும் ஏரிக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு மூட்டையும் பாருங்கள். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே வராது, காற்றுத்தான் உள்ளே போகும். அதனால் ஈரம் தேடிப் பயனில்லை. சவர்க்கார நுரையைப் பூசி, எங்கே உள்ளே இழுபடுகிறது என்று பாருங்கள். கிளிப்பை இறுக்குங்கள், திருகு மூட்டுக்கு வெள்ளை நாடாவைப் புதிதாகச் சுற்றுங்கள். பிறகு பம்பின் மேல்மூடியைத் திறந்து, காற்றுக் குமிழி வருவது நிற்கும்வரை தண்ணீர் நிரப்பி மூடி, மின்சாரத்தைக் கொடுங்கள். இந்த வகைப் பம்ப் ஏறக்குறைய ஏழரை மீற்றர் உயரத்துக்கு மேல் உறிஞ்சாது. மட்டம் இறங்கும்போது அந்த உயரமும் கூடுகிறது என்பதை மறக்காதீர்கள்.

பம்ப் சில விநாடிக்கொருதரம் பற்றி அணைந்தால் அது வேறு கோளாறு, அழுத்தத் தாங்கியில் காற்றுக் குறைவு. மின்சாரத்தை நிறுத்தி, தண்ணீரை முழுதாக வெளியே விட்டு, டயர் அளவுகோலால் பாருங்கள். 30/50 சுவிட்ச் (30 இல் பம்பைத் தொடக்கி 50 இல் நிறுத்துவது) என்றால் 28 இறாத்தல் அழுத்தத்தில் காற்று இருக்க வேண்டும், அதாவது பம்ப் தொடங்கும் அழுத்தத்தை விட இரண்டு குறைவு.

யூவி விளக்கு நீலமாக எரிவதால் வேலை செய்கிறது என்று எண்ண வேண்டாம். ஓராண்டில் வெளிச்சம் அப்படியே இருக்கும், கிருமி கொல்லும் வலிமை குறைந்துவிடும். ஆண்டுக்கொருமுறை விளக்கை மாற்றுங்கள். கண்ணாடி உறையை வினாகிரியால் துடையுங்கள். விளக்குக்கு முன் 5 மைக்ரோன் வடிகட்டி இருக்க வேண்டும், கலங்கல் தண்ணீரில் கிருமி துகளின் நிழலில் தப்பிவிடும்.

தொழிலாளர் தின விடுமுறைக்கு இருபத்திரண்டு பேர் சேருகிறோம். மூன்று அறை வீடு. செப்ரிக் ராங்க் (மலக்கழிவுத் தாங்கி) தாங்குமா?
– ஸ்காபரோ வாசகி

ஒன்ராறியோ கட்டடச் சட்டக்கோவைப்படி மூன்று படுக்கையறை வீட்டின் கழிவு முறை நாளொன்றுக்கு ஏறக்குறைய 1600 லீற்றர் கழிவுநீருக்கு அமைக்கப்படுகிறது. இருபத்திரண்டு பேர், ஒருவருக்கு 150 லீற்றர் என்று பார்த்தாலும் 3300 லீற்றர், இரட்டிப்பு. ராங்க் நிரம்பி வழிவது முதல் ஆபத்தல்ல. தண்ணீர் வேகமாக ஓடும்போது அடியில் படியவேண்டிய சேறு படியாமல் வெளியே போய், மண்ணுக்குள் புதைத்த வடிகால் படுகையை அடைத்துவிடும். ராங்கை ஒரு லொறியில் உறிஞ்சிவிடலாம், படுகை அடைத்தால் தோண்டிப் புதிதாகப் போட வேண்டும். அதற்குப் பல்லாயிரம் டொலர் போகும். அடைத்த படுகையின் கழிவு போய்ச் சேருவதும் நீங்கள் குளிக்கும் ஏரிக்குத்தான்.

செய்யக்கூடியது: நடமாடும் மலசலகூடம் ஒன்றை அந்த மூன்று நாளுக்கு வாடகைக்கு எடுங்கள், பாதிப் பாரம் அங்கே போய்விடும். உடுப்புத் தோய்ப்பதை ரொறன்ரோவுக்கு எடுத்துச் செல்லுங்கள். குளியலைக் காலை மாலை என்று பிரித்துவிடுங்கள். பொரித்த எண்ணெயைக் குசினியின் கழுவும் தொட்டியில் ஊற்றவே கூடாது, தகர டப்பாவில் ஆறவிட்டுக் குப்பையில் போடுங்கள். குழம்புச் சட்டியைக் கழுவுமுன் கடதாசியால் துடையுங்கள். சோறு வடித்த கஞ்சி, தேங்காய்ப்பூச் சக்கை, கறிவேப்பிலை எதுவும் தொட்டிக்குள் போகக் கூடாது. வாகனங்களைப் படுகைக்கு மேல் நிறுத்தக் கூடாது. பச்சையாகத் தழைத்த சமதரைப் புல்வெளியைக் கண்டதும் பத்து வாகனம் நிறுத்த இடம் என்று நினைப்பார்கள், பெரும்பாலும் அதுதான் படுகை. நாலு தடி நட்டுக் கயிறு கட்டிவிடுங்கள்.

தண்ணீர் மெல்ல இறங்குவது, குழாயில் கொடகொட என்ற சத்தம், படுகை மேல் ஈரமும் நாற்றமும் – இதில் ஒன்று தெரிந்தாலும் தண்ணீர்ப் பாவனையை நிறுத்தி ஆளைக் கூப்பிடுங்கள். சாதாரணமாக மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கொருமுறை உறிஞ்ச வேண்டும், சேறும் மேல்படலமும் மூன்றிலொரு பங்கைத் தொட்டால் அதற்கு முன்னரே. மூடியைத் திறந்து தலையை உள்ளே நீட்டாதீர்கள், உள்ளிருக்கும் வாயு ஆளை மயக்கி விழுத்தும்.

ஹலிபேர்ட்டனில் எங்கள் ஏரி ஒவ்வொரு ஓகஸ்டிலும் இவ்வளவு இறங்குவது ஏன்? டொக் உயரத்தில் நிற்கிறது, படகின் விசிறி கல்லில் அடிக்கிறது. 14 வயது மகன் 20 குதிரைவலுப் படகை ஓட்டலாமா?
– விற்பி வாசகர்

ஹலிபேர்ட்டனின் ஏரிகள் பல, ட்ரென்ற்–செவேர்ன் நீர்வழியின் சேமிப்புத் தாங்கிகள். 386 கிலோமீற்றர் நீளமான அந்த நீர்வழியைப் பராமரிக்கும் பார்க்ஸ் கனடா, கோடையில் மேலேயுள்ள ஏரிகளின் தண்ணீரைக் கீழே திறந்துவிடுகிறது. கென்னிசிஸ், ரெட்ஸ்டோன் போன்றவை இறங்குவதும் கீழே கவார்த்தாவில் மட்டம் ஏறக்குறைய நிலையாக இருப்பதும் அதனால்தான். மிதக்கும் டொக் மட்டத்தோடு இறங்கும், கால் ஊன்றிய டொக்குக்கு ஏணி தேவை. மட்டம் இறங்கிய நாளொன்றில், வெயில் உச்சியில் நிற்கும்போது, துடுப்போடு மெதுவாகச் சுற்றி, வெளியே தெரியும் கற்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மகன் ஓட்டலாம். மோட்டார் படகு ஓட்டும் எவருக்கும் ஓட்டுநர் தகுதி அட்டை கட்டாயம். 12 முதல் 16 வயதுக்குட்பட்டவர் தனியாக ஓட்டுவதற்கு எல்லை 40 குதிரைவலு. சிறு படகில் இருக்க வேண்டியவை: ஒவ்வொருவருக்கும் அளவான கனடா அங்கீகார உயிர்காப்பு அங்கி, 15 மீற்றர் மிதக்கும் எறிகயிறு, தண்ணீர் இறைக்கும் வாளி, விசில், நீர்புகாத டோர்ச், துடுப்பு அல்லது 15 மீற்றர் கயிறோடு நங்கூரம். அங்கியை இருக்கைக்குக் கீழே வைக்காமல் உடம்பில் போடுங்கள். தாமாக ஊதும் அங்கி 16 வயதுக்குட்பட்டவருக்கு ஏற்றதல்ல.

எஞ்சின் பற்றி ஒரு வார்த்தை: ஓடும்போது பின்னால் ஒரு மெல்லிய நீர்த்தாரை வந்துகொண்டே இருக்க வேண்டும். செடிக்குள் போனபின் அது நின்றால் உடனே அணைத்து, விசிறியையும் நீர் உறிஞ்சும் துளையையும் துப்புரவாக்குங்கள். துப்புரவாக்கியும் வராவிட்டால் உள்ளேயுள்ள ரப்பர் விசிறி தேய்ந்திருக்கும். 50:1 கலவை கேட்கும் இருவீச்சு எஞ்சினுக்கு 20 லீற்றர் பெற்றோலில் 400 மில்லிலீற்றர் எண்ணெய்.

தம்பியின் விரலில் தூண்டில் முள் ஏறிவிட்டது. முன்னால் தள்ளி எடுப்பதா, பின்னால் இழுப்பதா?
– பிக்கரிங் வாசகி

கண், முகம், கழுத்து, மூட்டு என்றால் தொடாமல் மருத்துவரிடம் போங்கள். விரலின் சதைப்பகுதி என்றால் நூல் முறை நல்லது. மூன்று முனை முள்ளாக இருந்தால் மற்ற இரண்டு முனைகளை முதலில் குறட்டால் வெட்டிவிடுங்கள். முள்ளின் வளைவில் அரை மீற்றர் உறுதியான நூலை மடித்துப் போடுங்கள். நூல் கட்டும் கண்ணை ஒரு விரலால் தோலோடு சேர்த்துக் கீழே அழுத்துங்கள். எதிர்முள் (நுனிக்கருகே பின்னோக்கி நிற்கும் சிறு கூர்) சதையிலிருந்து விடுபடுவது இந்த அழுத்தத்தால்தான், இதைச் செய்யாமல் இழுத்தால் கிழியும். அழுத்தியபடியே, முள் ஏறிய வழிக்கு நேர் எதிராக, தோலுக்கு இணையாக, ஒரே வெட்டாக இழுங்கள். தயங்கி மெல்ல இழுத்தால் வலிதான் மிஞ்சும். பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம், முள் பறக்கும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஏற்பு ஊசி எப்போது போட்டது என்று பாருங்கள். சிவந்து வீங்கினால் மருத்துவரைக் காணுங்கள்.

மிஞ்சிய மண்புழுவைக் கரைத் தோட்டத்தில் விடலாமா? அடுத்த கிழமை படகை சிம்கோ ஏரிக்குக் கொண்டுபோகிறோம், ஏதும் செய்ய வேண்டுமா?
– நியூமார்க்கட் வாசகர்

விடக்கூடாது. தண்ணீரிலும், தண்ணீரிலிருந்து 30 மீற்றருக்குள்ளும் இரையையோ இரை வாளித் தண்ணீரையோ கொட்டுவது சட்டவிரோதம். தூண்டில் புழு இந்த மண்ணுக்குரியதல்ல. காட்டின் இலைச்சருகு மெத்தையைத் தின்று தீர்த்துவிடும், அதை நம்பி முளைக்கும் கன்றுகள் அழியும். மிஞ்சியதை மண்ணோடு குப்பைப் பையில் கட்டிப் போடுங்கள்.

படகைத் தண்ணீரிலிருந்து எடுத்தவுடன், வீதியில் ஏற்றுமுன், அடித்துளையின் அடைப்பானைக் கழற்றித் தண்ணீரை வடியவிடுங்கள். 2022 தொடக்கம் ஒன்ராறியோவில் இது சட்டம். இழுவண்டி, நங்கூரக் கயிறு, விசிறி எல்லாவற்றிலுமுள்ள செடியைக் கையால் பிடுங்கிக் கரையில் உயரத்தில் போடுங்கள். யூரேசிய நீர்ச்செடி ஒரு விரல் நீளத் துண்டிலிருந்தே முளைக்கும். இரை உயிரோடு நின்ற பெட்டியையும் வடியவிடுங்கள், வரிச்சிப்பியின் குடம்பி கண்ணுக்குத் தெரியாது. பிறகு சூடான தண்ணீரால் கழுவுங்கள், அல்லது ஐந்து நாளாவது வெயிலில் முழுதாகக் காயவிட்டு அதன் பின் சிம்கோவில் இறக்குங்கள்.